ஏன் ஒன்றைக் கழிக்கிறோம்?

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க மேம்!”

இருபத்து மூன்று வருடங்களாக நான் கேட்கும் கேள்வி அது. இருபத்து மூன்று வருடங்களாக எனக்குக் கிடைக்கும் பதில் இது. கோவையில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. மாணவர்களுக்கு பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பாடத்தை முடிப்பேன். கேள்வியைக் கேட்பேன். கோரஸாகப் பதில் வரும். டஸ்டரை மேஜையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இந்த வருடம் டஸ்டர் போய்விட்டது. மாணவர்கள் எல்லாருக்கும் கல்லூரியே டேப்லெட், சுருக்கமாக டேப், கொடுத்துவிட்டது. எனக்கும் ஒன்று. நான் என் டேபில் பேனாவால் எழுதினால், அது அப்படியே ஐம்பத்தாறு பேரின் டேபிலும் தெரியும். என் கையெழுத்தின் லட்சணம் கடைசி பெஞ்ச் வரைக்கும் பளிச்சென்று போய்ச் சேர்ந்ததுதான் முதல் வாரத்தில் நான் கண்ட பலன்.

மாணவர்களின் திரையில் கீழே இரண்டு பொத்தான்கள் உண்டு. பச்சையில் ‘புரிந்தது’, சிவப்பில் ‘புரியவில்லை’. அவர்கள் அமுக்க அமுக்க என் திரையின் மூலையில் இரண்டு எண்கள் ஓடும். பெயர் வராது, எண்ணிக்கை மட்டும்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சோதித்துப் பார்த்தேன். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிற ஸ்டாண்டர்ட் டீவியேஷனை நடத்தி முடித்து, வழக்கம்போல “புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுதுங்க மேம்!” என்று கூரை அதிர்ந்தது. “சரி, இப்போ அதையே டேபில அமுக்குங்க. யார் எதை அமுக்கினாங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது” என்றேன்.

பச்சை பதினேழு. சிவப்பு முப்பத்தொன்பது.

எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நல்ல கோபம். பத்து செகண்டுக்கு முன்னால் கூரை அதிரச் சொன்னது யார்? இந்தச் சிவப்பு முப்பத்தொன்பது பேரும்தானே? தலை நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் அவ்வளவு பணிவாக உட்கார்ந்திருந்தார்கள்...

யோசித்துப் பார்த்தால், அந்தப் பணிவுதான் விஷயமே. எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும் “நெம்ப நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். உப்பு இல்லை என்று சொன்னால் ரசம் வைத்தவர் மனசு என்ன பாடுபடும்? என் மாணவர்களும் அதைத்தான் எனக்குச் செய்திருக்கிறார்கள். பாடம் புரியவில்லை என்று சொன்னால் பாடம் நடத்திய மேம் மனசு என்ன பாடுபடும்? அவர்கள் சொன்னது பொய்யே இல்லை, மரியாதை. நான்தான் இத்தனை வருடமாக அந்த மரியாதையைப் பாடம் புரிந்ததற்கான ஆதாரமாக எடுத்துக்கொண்டு, நிம்மதியாக பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் எத்தனை பேட்ச்? எத்தனை பிள்ளைகள் புரியாமலேயே மனப்பாடம் செய்து, பாஸாகி, என்னிடம் இனிப்பு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்? அந்த வார இறுதி முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

திங்கட்கிழமை அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். மெதுவாக. நடுநடுவே நிறுத்தி, அமுக்கச் சொல்லி. சிவப்பு அதிகமானால் நின்றுவிடுவேன், வேறு உதாரணம் சொல்வேன். முப்பத்தொன்பது இருபத்தாறானது, இருபத்தாறு பதினைந்தானது. டேப் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த நான் அதற்கு ஒரு உறை தைத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டேன். வகுப்பில் டேபில் கிரிக்கெட் பார்க்கிறார்கள், சார்ஜ் இல்லை என்று சாக்குச் சொல்கிறார்கள், குனிந்த தலை நிமிர்வதில்லை என்று சக ஆசிரியர்கள் புலம்பும்போதெல்லாம் நான் டேப் கட்சியில் நின்று சண்டை போட்டேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு செல்வராஜ் வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர். உள்ளே வாருங்கள் என்று சொல்லியும் வாசற்படியிலேயே நின்றார்.

“ஏனுங்க மேடம், நான் தர்ஷினி அப்பாவுங்க. தாராபுரத்துல இருந்து வாரேனுங்க.”

தர்ஷினியை எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசை, ஜன்னல் பக்கம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். அதிகம் பேச மாட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, போனை எடுத்து நீட்டினார். கல்லூரியிலிருந்து வந்த மெசேஜ். தங்கள் மகள் பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடத்தில் மிகவும் பின்தங்கியுள்ளார், துறையை அணுகவும் என்று இருந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பாடம். என் மாணவி. ஆனால் நான் அனுப்பாத மெசேஜ்!

“மூணு வாரமா வருதுங்க மேடம். மொத வாரம் சரி, போகப் போகச் சரியாயிரும்னு உட்டுப்போட்டேன். மறுக்காவும் வந்துச்சு. நேத்து மூணாவது தடவையா வரவும் ஊட்ல பேசி முடிவு பண்ணிட்டமுங்க” என்றார். “புள்ளைக்கு ஏறலைன்னா எதுக்குங்க கஷ்டப்படுத்தோணும்? பெருந்துறைல அவ மாமன் கம்பெனி வச்சிருக்கறாருங்க. ஆபீஸ் வேலைக்கு ஆள் வேணும்னாரு. டி.சி. வாங்கிக் கூட்டிட்டுப் போயிரலாமுன்னு வந்தேனுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவரோ மகள் கஷ்டப்படக் கூடாது என்று வந்திருந்தார். அவ்வளவு அன்பாக ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த வந்தவரிடம் என்ன பேசுவது? “ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டு எங்கள் துறைத் தலைவரின் அறைக்கு ஓடினேன்.

அவர் என்னைவிட வயதில் சின்னவர், கம்ப்யூட்டரில் கெட்டி. ஒரு பட்டியலைத் திரையில் காட்டினார். என் வகுப்பு மாணவர்கள், யார் எத்தனை தடவை சிவப்பை அமுக்கினார்கள் என்ற கணக்கோடு, பெயர் பெயராக இருந்தார்கள். முதல் பெயர் தர்ஷினி. இருபத்து மூன்று தடவை.

“இது வாராவாரம் தானா வந்துரும் மேடம். முதல் பத்து பேர் வீட்டுக்கு மெசேஜும் தானாவே போயிரும்” என்றார்.

“பேர் வராதுன்னு நான் வகுப்புல சொல்லிட்டேனே சார்!”

“உங்க திரையில வராதுங்க. ரிப்போர்ட்லயும் வரக் கூடாதுன்னா, செட்டிங்ஸ்ல போய் பேரை மறைக்கணும். ட்ரெய்னிங்ல சொன்னாங்களே மேடம்... நீங்க மறைக்கலீங்களா?”

ட்ரெய்னிங்!

கல்லூரி திறப்பதற்கு முன் நடந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் விளக்கினார். அரைமணி நேரத்திலேயே என் கவனம் கழன்றுகொண்டுவிட்டது. இருந்தும் கடைசியில் அவர், “எல்லாம் புரிஞ்சுதுங்களா மேடம்? டவுட் எதாச்சும்?” என்று சிரித்த முகமாகக் கேட்டபோது நாங்கள் நாற்பது ஆசிரியர்களும் சொன்ன பதில் என்ன தெரியுமா?

“புரிஞ்சுதுங்க!”

அதில் சத்தமாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பாவம், அவ்வளவு தூரம் வந்து தொண்டை வறளப் பேசியிருக்கிறார், அவர் மனசு நோகலாமா?

என் மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. அதன் பலனை ஒரு பெண் அனுபவித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் யாருக்கும் தெரியாது என்று நான் கொடுத்த வாக்கை முழுசாக நம்பியவள் அவள். மற்றவர்கள் ஒன்றிரண்டு தடவை அமுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். உண்மையை அதிகமாகச் சொன்னவளைப் பட்டியலின் தலையில் உட்கார வைத்து, அவள் அப்பாவுக்கும் சொல்லிவிட்டது அந்த மெஷின். அதற்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான்.

திரும்பி வந்தபோது தர்ஷினியை வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுதிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

“யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே மேம்.”

அவ்வளவுதான் சொன்னாள். இந்தத் தொழிலில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், எதுவும் அப்படி உறைத்ததில்லை.

நான் செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது. மெஷினைச் சரியாகக் கற்றுக்கொள்ளாதது நான். உங்கள் பெண் பின்தங்கவில்லை, புரியாததைப் புரியவில்லை என்று சொன்னாள், நான் நடத்தியது அவளுக்குப் புரியவில்லை என்றால் குறை என் பக்கம்தான் என்றேன்.

அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம்! உங்க மேல என்னங்க தப்பு? எத்தனை வருஷமாப் பாடம் சொல்லிக் குடுக்கறீங்க... எம் புள்ளைக்கு வராததுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

பாருங்கள் கூத்தை. நான் சத்தியமாகச் சொல்லும் உண்மையை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்! மேடம் பெரிய மனசோடு பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், நாம் விடக் கூடாது என்று நினைத்துவிட்டார். நான் ஒரு தடவை என் தப்பு என்றால் அவர் இரண்டு தடவை இல்லவே இல்லீங்க என்றார். இந்த ஊரில் ஒருவர் தன் தப்பை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒப்புக்கொண்டாலும் எதிராளி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

“சரீங்க மேடம், டி.சி.க்கு எங்கீங்க எழுதிக் குடுக்கோணும்?” என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தர்ஷினியிடம், “கடைசியா எந்த இடத்துல சிவப்பு அமுக்கினே? அப்பாவுக்குக் காட்டு” என்றேன்.

டேபைத் திறந்தாள். நான் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றிலும் அவள் சின்னச் சின்னதாகக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். இருபத்து மூன்று இடத்திலும். ஒரு சூத்திரத்தில் விரலை வைத்தாள். ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கானது.

“இங்க மேம். அஞ்சு பேரோட மார்க் எடுக்கறோம். ஆனா அஞ்சால வகுக்காம, ஒண்ணைக் கழிச்சு நாலால வகுக்கச் சொன்னீங்க. ஆள் அஞ்சு பேர் இருக்கறாங்க. அப்பறம் ஏனுங்க ஒண்ணைக் கழிக்கறோம்?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

எல்லாரையும் எடுக்காமல் சிலரை மட்டும் எடுத்தால், அதாவது சாம்பிள் என்றால், ஒன்றைக் கழிக்க வேண்டும். அது விதி. புத்தகத்தில் இருக்கிறது. நான் எம்.காம். படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் அப்படித்தான் சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் அந்த ஒன்றைக் கழித்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

சமாளித்திருக்கலாம். “அதெல்லாம் மேல் படிப்புல வரும்மா” என்று ஒரு வாக்கியம் எல்லா ஆசிரியர்களின் கைவசமும் உண்டு. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். தர்ஷினியிடம் இல்லை, அவள் அப்பாவிடம். “உங்க பொண்ணு கேக்கற கேள்விக்கு எனக்கு நிஜமாவே பதில் தெரியாது. இத்தனை வருஷமாத் தெரியாமத்தான் நடத்திட்டு இருந்திருக்கேன்.”

ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர்களின் பேனாக்கள் நின்றன. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

செல்வராஜ் என்னைப் பார்த்தார், டேபைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இது மரியாதைக்குச் சொல்வது அல்ல என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். மரியாதைக்காகக்கூட யாரும் தன் தொழில் தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

“இதைத்தான் நீ இத்தன நாளாக் கேட்டுட்டு இருந்தியா கண்ணு?”

“கேக்கலீங்கப்பா. அமுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து.

“நான் மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறனுங்க மேடம்” என்றார். “தோட்டத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. கெணத்துல தண்ணி இல்லாம ஓட்டுனீங்களான்னு கேட்டா, ஒருத்தராச்சும் ஆமான்னு சொல்லோணுமே! இல்லவே இல்லீங்க, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்கம்பாங்க. நாம அக்கு அக்காக் கழட்டிக் கண்டுபுடிக்கோணும். எவராச்சும் வந்ததுமே, ஏனுங்க, தெரியாம ஓட்டிப்போட்டனுங்கன்னு சொல்லிட்டா, எனக்குப் பாதி வேலை மிச்சமுங்க.”

சற்று நேரம் மகளின் கேள்விக்குறிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. எண்ணிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “டி.சி. வேணாமுங்க மேடம். நான் பொறப்படறேன்.” வாசலில் செருப்பை மாட்டியவர், திரும்பி மகளிடம் சொன்னார்: “நீ மொதல்ல கத்துக்கிட்டு மேடத்துக்குச் சொல்லிக் குடு அம்மணி.”

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும்தான். வேறென்ன செய்ய?

அன்று மதியமே துறைத் தலைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, செட்டிங்ஸில் பெயரை மறைத்தேன். ஒரே ஒரு தட்டு. அந்த வார ரிப்போர்ட்டில் மேலே அனுப்பப் பெயர் இருக்காதே, நிர்வாகத்துக்கு என்ன சொல்வது என்று அவர் கவலைப்பட்டார். “எனக்குப் பாடம் தெரியலைன்னு என் பேரைப் போட்டு அனுப்புங்க சார்” என்றேன். சிரித்தார். அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

பிறகு கணிதத் துறைக்குப் போய், என் பாதி வயதுள்ள ஒரு பேராசிரியையிடம், ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று கேட்டேன். நின்று, வெட்கப்பட்டு, ஆனால் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். நடுவில் “புரியுதுங்களா மேடம்?” என்று அவர் கேட்டபோது வாய் தானாகத் திறந்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெயரை மறைத்துவிட்டதைத் திரையிலேயே காட்டினேன். அதன் பிறகு பாடத்தை எடுத்தேன். ஐந்து பேரின் சராசரி மார்க் என்ன என்று முதலிலேயே தெரிந்துவிட்டது என்று வையுங்கள். நாலு பேர் தங்கள் மார்க்கைச் சொன்னால் போதும், ஐந்தாவது ஆள் வாயே திறக்க வேண்டாம், அவர் மார்க்கை நாமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஆள் ஐந்து பேர்தான், ஆனால் புதிதாக எதையாவது சொல்லக் கூடியவர்கள் நாலு பேர்தான். அதனால் நாலால் வகுக்கிறோம்.

“இப்போ அமுக்குங்க” என்றேன்.

பச்சை ஐம்பத்தாறு. சிவப்பு பூஜ்யம்.

ஒரே தடவையில் ஐம்பத்தாறு பேருக்கும் புரிகிற விஷயமா இது? மெஷினில் பெயரை மறைக்க ஒரு தட்டு போதும். பத்து வீடுகளுக்குப் போன மெசேஜை இவர்கள் மனசிலிருந்து எந்த செட்டிங்ஸில் போய் அழிப்பது? தர்ஷினி இங்கேயே இருக்கிறாள், சரி. ஆனால் இனிமேல் அவளும் எல்லாரையும்போலப் பச்சையை அமுக்கிக்கொண்டு மூன்று வருடத்தைத் தள்ளிவிட்டுப் போனால், நான் காப்பாற்றியது எதை? திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜன்னல் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். தர்ஷினி எழுந்து நின்றாள். டேப் மேஜையில் கிடந்தது.

“மேம்... எனக்குப் புரியலீங்க.”

வாயால். எல்லார் முன்னாலும். ஐம்பத்தைந்து தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் உட்காரவில்லை.

“எந்த இடம்மா?”

“அந்த அஞ்சாவது ஆள் ஏன் பேச வேண்டாங்கறது புரிஞ்சுதுங்க. ஆனா அவரும் வகுப்புல இருக்கறாரில்லீங்க? அவரை ஏன் கணக்குல சேக்காம உடறோம்?”

“எனக்கும் அதேதானுங்க மேம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கும்” என்றது இன்னொன்று.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. டேபை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் நடுவில் போய் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்போதும் தர்ஷினி தலையை ஆட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், வேறு மாதிரி, வேறு எண்களை வைத்து.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? அந்த மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது!